கேரட் தோட்டத்துக் குளிருக்கு எந்த உடை நிலைக்கும்?

கேத்திப்பள்ளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊட்டி அருகே கேத்தியில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. கேரட், பீட்ரூட், ஓரத்தில் கொஞ்சம் முட்டைக்கோஸ். அப்பாவுக்கு முழங்கால் வலி முற்றிவிட்டதால் இந்தப் பருவத்திலிருந்து நானே பொறுப்பெடுத்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால், விடியலுக்கு வெகு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கத் தொடங்குகிறோம். மார்கழியிலும் தையிலும் தழை முழுவதும் பனி. சிறிது நேரத்திலேயே முழங்கைவரை, முழங்கால்வரை நனைந்துவிடுகிறது. தடிமனாக இருக்கிறதே என்று நம்பி வாங்கிய ஜெர்கின் ஒரே பருவத்தில் தோளில் பிரிந்தது. ஜிப்பில் சேறு அடைத்து மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

எனக்கும், உடன் வேலை செய்யும் ஆறு பேருக்கும் சேர்த்து வாங்க நினைக்கிறேன். நாலைந்து பருவமாவது உழைக்கவேண்டும். அழகு வேண்டாம். எதைப் பார்த்து வாங்குவது?

கூக்கல்தொரை விவசாயி எழுதியது:

தம்பி, தடிமனைப் பார்த்து வாங்குவதை முதலில் விடுங்கள். நம்முடைய குளிர் பனிமலைக் குளிர் அல்ல, ஈரக் குளிர். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். வானம் தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை இழக்கிறது. கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்விடங்கள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில் மேட்டுத் தோட்டம் தப்பிவிடுவது இதனால்தான். ஆனால் அந்தத் தாழ்விடத்திலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. வெயில் ஏறிவிட்டால் அதே வரப்பில் நின்று வியர்க்கிறீர்கள்.

உடம்பை வாட்டுவது நனைந்த துணிதான். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. கனத்த ஜெர்கின் நனைந்துவிட்டால் அதன் கனம் வெறும் சுமையாகிவிடுகிறது. இறகு அடைத்த ஜெர்கின்களை வாங்கவே வாங்காதீர்கள். உலர்ந்த பனிக்கு அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. நனைந்தால் இறகு கட்டிக்கட்டியாகச் சேர்ந்து, நடுவே வெற்றுத்துணி மட்டும் மிஞ்சும்.

மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்பை ஒட்டி வியர்வையைத் தேக்காத உள்ளாடை. அதன்மேல் சூடு காக்கும் ஸ்வெட்டர். வெளியே தண்ணீரையும் காற்றையும் தடுக்கும் மெல்லிய, உறுதியான மேலுறை. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கிழிந்தால் கிழிந்த அடுக்கை மட்டும் மாற்றலாம். செலவு குறைவதும் அதனால்தான்.

கேத்திப்பள்ளம் எழுதியது:

நன்றி அண்ணா. உள்ளே நாங்கள் எல்லோரும் பருத்தி பனியன்தான் போடுகிறோம். மேலே பழைய சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். பருத்தி உடம்புக்கு நல்லது என்றுதானே சொல்வார்கள்?

கூக்கல்தொரை விவசாயி எழுதியது:

சமவெளி வெயிலுக்கு நல்லது. வியர்வையை உறிஞ்சி, நெடுநேரம் வைத்திருந்து, உடம்பைக் குளிர்விக்கிறது என்பதால் அங்கே பருத்தியைக் கொண்டாடுகிறோம். அதே குணம் இங்கே பகையாகிவிடுகிறது. கேரட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது வியர்க்கிறது. லாரிக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் அந்த ஈர பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடுக்குகிறது. ஜீன்ஸ் அதைவிட மோசம். நனைந்தால் அன்று முழுவதும் காயாது. கடைகளில் தெர்மல் என்று விற்கும் உள்ளாடையிலும் பருத்தி நிறைய கலந்தவை உண்டு. உட்புறச் சீட்டைப் படித்துப் பார்த்து, பாலியஸ்டரோ கம்பளியோ பெரும்பங்கு இருப்பதை எடுங்கள்.

மன்னவனூர்க்காரன் எழுதியது:

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். நடு அடுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான்.

எங்கள் ஊரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ என்ற செம்மறி இனத்தை அங்கே வளர்க்கிறார்கள். கம்பளியின் அருமை அங்கே போய்ப் பேசினால் விளங்கும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் அது தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் சுருள் அமுங்காமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் ஸ்வெட்டர் என்று கடைவீதியில் தொங்குவதில் பெரும்பாலானது கம்பளியே அல்ல, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. கண்டுபிடிப்பது எளிது. உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி முடி கருகிய வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாக இறுகிவிடும்.

நாம் வேலைக்கு முன் தீ மூட்டிக் குளிர்காய்கிறோம். ஒரு பொறி பறந்து விழுந்தால் ஃபிளீஸ் என்னும் பாலியஸ்டர் மென்துணியில் அந்த இடம் உருகி ஓட்டையாகும். தோலில் ஒட்டினால் கொப்புளம். கம்பளியில் ஒரு கருகல் புள்ளியோடு போய்விடும். வெளியே எதைப் போட்டாலும் நெருப்பருகே போகும்போது மேலே இருப்பது கம்பளியாக இருக்கட்டும்.

ஊசியும் நூலும் எழுதியது:

நான் ஊட்டியில் தையற்கடை வைத்திருக்கிறேன். பழுதுக்கு வரும் ஜெர்கின்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். துணி நடுவில் கிழிந்து வருவது குறைவு. தோள்தையல், அக்குள், ஜிப், முழங்கால், மணிக்கட்டு, இந்த ஐந்து இடங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாங்கும்போது துணியைத் தடவிப் பார்க்கிறீர்கள், சரி. அதை உள்பக்கமாகத் திருப்பியும் பாருங்கள்.

தோளிலும் பக்கவாட்டிலும் துணியை மடித்து இரண்டு வரித் தையல் போட்டிருக்கவேண்டும். ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் அடித்துவிட்டிருந்தால் மூட்டை தூக்கும் தோளுக்கு அது தாங்காது. தையல்நூல் பாலியஸ்டராக இருக்கவேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். அக்குளில் சாய்சதுரமாகத் தனித்துண்டு வைத்துத் தைத்திருந்தால் கையை உயர்த்தும்போது தையல் இழுபடாது. அப்படி வைக்கத் துணியும் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் விலை குறைந்த உடைகளில் இருக்காது. உங்கள் ஜெர்கின் தோளில் பிரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஜிப். பல் தனித்தனியாகத் தெரியும் பெரிய பிளாஸ்டிக் ஜிப்பாக, எண் 8 அல்லது 10 பாருங்கள். சுருள்பல் ஜிப்பில் சேறு புகுந்தால் வெளியே வராது. ஜிப்புக்கு மேலே மூடிபோல ஒரு பட்டையும், அதில் அழுத்துபொத்தானும் இருந்தால் ஜிப் கெட்டாலும் அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம்.

மணிக்கட்டில் பின்னல்பட்டை வைத்த ஜெர்கின் பார்க்க நன்றாக இருக்கும், பனித்தழைக்குள் கைவிடும் வேலைக்கு ஆகாது. அந்தப் பின்னல் தண்ணீரை உறிஞ்சி முழங்கைவரை ஏற்றிவிடும். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்து இறுக்குகிற கை வேண்டும்.

கேத்திப்பள்ளம் எழுதியது:

ஐயா, கித்தான் (கேன்வாஸ்) துணியில் தைத்த வேலை ஜெர்கின்கள் பல பருவம் உழைக்கும் என்று பல இடங்களில் படித்தேன். அது நமக்குச் சரிவருமா?

ஊசியும் நூலும் எழுதியது:

வேலி கட்டுவது, விறகு சுமப்பது, முள் வெட்டுவது போன்ற வேலைக்குக் கித்தானை மிஞ்ச ஒன்றுமில்லை. சதுர கஜத்துக்கு 12 அவுன்ஸ் எடையுள்ள துணி என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராமுக்குச் சற்று மேல்; முள்ளுக்கு அசையாது. ஆனால் அதுவும் பருத்தி. மெழுகு பூசாத கித்தான் நனைந்தால் இரட்டிப்புக் கனமாகும், நம் மூடுபனியில் இரண்டு நாள் காயாது. கேரட் அறுவடைக்கு வேண்டாம். உள்பூச்சு உள்ள நைலான் அல்லது பாலியஸ்டர் மேலுறை போதும். தையல்மேல் உள்ளே நாடா ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாடா இல்லையென்றால் ஊசித்துளை வழியாக நீர் இறங்கும்.

கழுவுமிடம் எழுதியது:

நான் கூலிக்குப் போகிறவள். கேரட் பிடுங்குவதும் கழுவும் இயந்திரத்தில் கொட்டுவதும், பிரித்து மூட்டை கட்டுவதும் என் வேலை. எல்லோரும் ஜெர்கினைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு முதலில் போவது கையும் காலும்.

கழுவும் இடத்தில் கை விடிய விடியத் தண்ணீரில் இருக்கிறது. பின்னல் கையுறை மேல் உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசியதைக் கொடுக்கிறார்கள். மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கி, கை உள்ளே ஊறிக் கிடக்கிறது. அதைப் போடுவதும் போடாததும் ஒன்று. முழங்கைக்குக் கிட்டே வரும் முழு ரப்பர் கையுறை வேண்டும், உள்ளே தனியாகக் கழற்றிப் போடக்கூடிய கம்பளிக் கையுறை வேண்டும். உள்ளுறை தனியாக இருந்தால் ஒரு ஜோடி நனைந்ததும் வேறு ஜோடி மாற்றலாம். ரப்பரோடு ஒட்டித் தைத்திருந்தால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும்.

அடுத்தது அளவு. சேற்றுக்குப் போடும் உயரமான கம்பூட்டை ஆண்கள் அளவில்தான் வாங்கி வருகிறார்கள். என் கால் ஐந்தாம் அளவு; எட்டாம் அளவு பூட்டில் நடந்தால் சேற்றில் கால் வருகிறது, பூட் வரமாட்டேன் என்கிறது. விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது? கையுறையும் அப்படியே. பெரிய கையுறையில் கேரட் காம்பு பிடிபடாது, அதனால் பெண்கள் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு செய்கிறார்கள். பார்ப்பவர் "கொடுத்தும் போடமாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்கிறார்.

தம்பி, வாங்குவதற்கு முன் ஆறு பேரின் காலையும் கையையும் அளந்துகொள்ளுங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.

கேத்திப்பள்ளம் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நாளையே அளந்துவிடுகிறேன். உள்ளுறை ஆளுக்கு இரண்டு ஜோடி போதுமா?

கழுவுமிடம் எழுதியது:

மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கையில், ஒன்று மடியில், ஒன்று காய்வதற்கு.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

அந்த அம்மா சொன்னதை மருத்துவப் பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். உறைநிலைக்குக் கீழே போனால்தான் கால் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரக்கால் மணிக்கணக்கில் குளிரில் இருந்தால், பத்துப் பதினைந்து டிகிரியிலேயே நரம்பும் இரத்தக்குழாயும் பாதிக்கப்படும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது இதே நோய். கால் வெளுத்து மரத்துப்போகும். சூடு வந்ததும் சிவந்து வீங்கி எரியும். விரல் நுனி சிவந்து தடித்து அரிப்பெடுப்பது அதைவிட லேசானது, நம் மலையில் குளிர்காலத்தில் நிறையப் பேருக்கு வருவது.

கம்பூட்டுக்குள் இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் கால் சூடாகும் என்பது தவறு. இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, விரலை அசைக்க இடம் விடும் பூட், அடியில் கழற்றி எடுக்கக்கூடிய, கம்பளியை அழுத்திச் செய்த நமுடா அட்டை. சாப்பாட்டு நேரத்தில் காலுறையை மாற்றுங்கள். மரத்த கையை நேரே தீயில் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத விரல் வெந்துபோனாலும் தெரியாது. அக்குளில் வைத்தோ வெதுவெதுப்பான நீரிலோ சூடேற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடை காய்வதற்கென்று மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டு அங்கேயே படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நுவரெலியா லீக்ஸ் எழுதியது:

இலங்கையில் எங்கள் பக்கத்திலும் தை, மாசியில் உறைபனி விழுகிறது. லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தவர். தலையிலிருந்து முதுகுவரை கம்பளி போட்டு, இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற தடித்த துணியைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். ஈரச்செடி உரசுவது இடுப்புக்குக் கீழேதான் என்று அந்தத் தலைமுறை அறிந்து வைத்திருந்தது. இப்போது மேலுக்கு விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்குகிறோம், கீழே சாதாரணக் காற்சட்டையோடு ஈரத்தழைக்குள் இறங்குகிறோம்.

நான் மார்புவரை வரும் நீர்புகாக் காற்சட்டை வாங்கினேன், தோள்வார் வைத்தது. குனியும்போது முதுகு தெரியாது. மேலுறையைக் கழற்றிய பிறகும் வயிறும் தொடையும் உலர்ந்தே இருக்கின்றன. ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் ஜாக்கெட்டைவிட அதையே வாங்குவேன்.

கூக்கல்தொரை விவசாயி எழுதியது:

நுவரெலியா நண்பர் சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். காற்சட்டையின் கால் பூட்டுக்கு வெளியே விழவேண்டும். உள்ளே சொருகினால் வழிகிற தண்ணீர் எல்லாம் பூட்டுக்குள் சேரும். இதைப் பழக்கிவிடுவதுதான் கடினம்.

மன்னவனூர் நண்பருக்கு ஒரு மறுப்பு. அசல் கம்பளி ஆறு பேருக்கு என்றால் விலை எங்கே போகும்? கிடைக்காத கம்பளிக்காகக் காத்திருந்து பருத்திச் சட்டையோடு நிற்பதைவிட, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஃபிளீஸ் எவ்வளவோ மேல். நீரை உறிஞ்சாது, பிழிந்து உதறினால் ஓரளவு காய்ந்துவிடும், சோப்புப் போட்டு எப்படித் துவைத்தாலும் சுருங்காது. கம்பளியை யாராவது வெந்நீரில் போட்டு அடித்துவிட்டால் குழந்தைக்குக்கூடப் பற்றாது.

மன்னவனூர்க்காரன் எழுதியது:

ஃபிளீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. உடம்புக்கு ஃபிளீஸ் வாங்கட்டும். தலைக்கும் காலுக்கும் கைக்கும் மட்டும் அசல் கம்பளி எடுக்கட்டும். குல்லா, காலுறை, கையுறை உள்ளுறை, இவை சிறிய பொருள்கள். கம்பளி வாடையும் சீக்கிரம் பிடிக்காது. விரிப்பதற்கும் போர்த்துவதற்கும் கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டத்துச் செல்லகெரேயில் நெய்யும் கருப்புக் கம்பளி இன்னும் கிடைக்கிறது. சொரசொரப்பாக இருக்கும், ஆனால் லாரியின் பின்புறம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

கூக்கல்தொரை விவசாயி எழுதியது:

இதற்கு மறுப்பில்லை. மங்கி குல்லா கம்பளியிலேயே இருக்கட்டும். ஜெர்கின் தொப்பியைப் போட்டால் பின்னால் லாரி வருவதும் கேட்பதில்லை, பக்கவாட்டில் தெரிவதும் இல்லை.

எஸ்டேட் கணக்கர் எழுதியது:

செலவு யாருடையது என்று யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்கவேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என ஒரு பிரிவு இருந்தது. தேயிலை, காப்பி, ரப்பர் போன்ற பெருந்தோட்டங்களுக்கான சட்டம் அது. இரண்டு ஏக்கர் காய்கறி நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் கேரட் நிலத்தில் நிற்கிறவருக்குத் தேயிலைக் காட்டில் நிற்கிறவரைவிடக் குளிர் குறைவா? சட்டம் எட்டாத இடத்தில் நிலக்காரர்தான் மனம் வைக்கவேண்டும். கேள்வியிலேயே ஆறு பேரையும் சேர்த்துக் கேட்ட தம்பிக்கு என் வணக்கம்.

கூலியில் பிடித்தம் செய்து கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டுப் பழையதோடு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கழுவுமிடம் எழுதியது:

உண்மை. நானும் பார்த்திருக்கிறேன்.

ஊசியும் நூலும் எழுதியது:

கையுறை வாங்கும்போது அதன்மேல் அச்சிட்ட எண்களைப் பாருங்கள். ஈஎன் 511 என்பது குளிருக்கான ஐரோப்பியத் தரக்குறி. கீழே மூன்று எண்கள் இருக்கும்: குளிர்காற்றைத் தாங்குவது, குளிர்ந்த பொருளைத் தொட்டால் தாங்குவது, தண்ணீர் புகாமை. மூன்றாவது எண் 1 என்று இருந்தால்தான் கழுவும் வேலைக்கு எடுங்கள். 0 என்றால் தண்ணீர் புகும். ஈஎன் 388 என்பது தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றுக்கானது. அதில் முதல் எண் தேய்மானம். 3 அல்லது 4 இருந்தால் நீண்டநாள் வரும்.

கூக்கல்தொரை விவசாயி எழுதியது:

மருந்தடிக்கும்போது இந்த உடை எதையும் போடாதீர்கள். கம்பளியும் தோல் கையுறையும் பூச்சிமருந்தை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும். தோல் கையுறையிலிருந்து அதைக் கழுவி எடுக்கவே முடியாது. அதற்கென்று தனி உடை, தனிக் கையுறை. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

கேத்திப்பள்ளம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை அளந்துவிட்டேன். பெண்கள் நால்வரில் இருவருக்கு நான்காம் அளவு, ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு ஆறு. இத்தனை நாளும் எல்லோரும் ஏழாம் அளவில் நடந்திருக்கிறார்கள்.

கையில் உள்ள பணத்துக்கு வரிசை போட்டிருக்கிறேன். முதலில் சரியான அளவில் கம்பூட், நமுடா அட்டை, கம்பளிக் காலுறை. அடுத்து நீள ரப்பர் கையுறையும் மூன்று ஜோடி உள்ளுறையும். அதன்பின் தோள்வார் வைத்த நீர்புகாக் காற்சட்டை. ஃபிளீஸ் பொங்கலுக்குள் வாங்கிவிடுவேன். மேலுறை அடுத்த பருவத்துக்கு. அதுவரை இருக்கும் மழைக்கோட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். கம்பூட்டில் பிவிசி நல்லதா, ரப்பர் நல்லதா? பிடுங்கும்போது மண்டியிடுவதால் காற்சட்டையின் முழங்கால் சீக்கிரம் போய்விடுமே, அதற்கு என்ன செய்வது?

மன்னவனூர்க்காரன் எழுதியது:

பிவிசி விலை குறைவு, ஆனால் குளிரில் விறைக்கும். கணுக்காலில் மடங்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். இயற்கை ரப்பர் குளிரிலும் வளையும், ஆனால் வெயிலில் போட்டால் மேல்பரப்பு விரிசல் விடும். ரப்பரே எடுங்கள். நிழலில் கவிழ்த்து வையுங்கள். இரவில் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்தால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அடுப்பருகே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஊசியும் நூலும் எழுதியது:

புதுக் காற்சட்டையைப் போடுவதற்கு முன்பே கொண்டு வாருங்கள். கிழிந்தபின் போடும் ஒட்டு நிற்காது. தொடை நடுவிலிருந்து முழங்காலுக்கு ஒரு சாண் கீழேவரை தடித்த நைலான் துண்டை வைத்து மேலும் பக்கமும் தைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுவேன். உள்ளே புகும் மண் அவ்வழியே கொட்டிவிடும். வேண்டும்போது அதே திறப்பில் பஞ்சு அட்டையையும் சொருகிக்கொள்ளலாம். ஊசித்துளைகளுக்கு உள்ளே நாடா ஒட்டித் தருகிறேன். ஆறு பேருடையதையும் மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு நாளில் முடித்துவிடுவேன். ஒவ்வொன்றிலும் போடுகிறவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குத்திக் கொடுங்கள். உயரத்துக்கு ஏற்றபடி முழங்கால் எங்கே வரும் என்று பார்த்துத்தான் வைக்கவேண்டும்.